முப்பதைத் தாண்டிய ரிசீவருக்கு என்ன விலை? என்.எஃப்.எல். பொது மேலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய 32 அணிகளின் பொது மேலாளர்களுக்கு,

வணக்கம். நான் அரிசோனாவில், ஃபீனிக்ஸுக்குப் பக்கத்தில் உள்ள சாண்ட்லரில் குடியிருக்கிறேன். கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன். அமெரிக்கக் கால்பந்தும் அதன் தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.-உம் இங்கே வந்த பிறகுதான் என்னைப் பிடித்துக்கொண்டன. முதல் வருடம் விதிகளே பிடிபடவில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மதியம் டி.வி. முன்னால் போய் உட்கார்ந்துவிடுவேன். கார்டினல்ஸ் அணியின் 11-ஆம் எண், லாரி ஃபிட்ஸ்ஜெரால்ட், எதிராளியின் தலைக்கு மேலே எம்பி ஒரு பந்தைப் பறித்து இறங்குவதைப் பார்க்க விதி எதுவும் தெரிய வேண்டியதில்லை. அவர் 17 சீசன் ஆடினார், எல்லாம் ஒரே அணிக்கு. அதில் பெரும்பகுதியை நான் பார்த்துவிட்டேன். அந்தப் பழக்கத்தில்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

மார்ச் மாதம் ஒப்பந்தச் சந்தை திறக்கும்போது, முப்பது வயதைத் தாண்டிய வைட் ரிசீவர்களின், அதாவது வீசும் பந்தை ஓடிப் பிடிப்பவர்களின், பட்டியல் ஒன்று உங்கள் எல்லோர் மேசையிலும் இருக்கும். யாரை வைத்துக்கொள்வது, யாரை விடுவிப்பது, யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்று கணக்குப் போடுவீர்கள். உங்கள் நெருக்கடி எனக்குத் தெரியாமல் இல்லை. 2025 சீசனில் ஓர் அணிக்கான சாலரி கேப், அதாவது சம்பள உச்சவரம்பு, 27.92 கோடி டாலர். அதற்குள் 53 பேரை அடக்க வேண்டும். ஒருவருக்குக் கூடுதலாகக் கொடுத்தால் இன்னொருவருக்குக் குறையும். சரி. ஆனால் அந்தப் பட்டியலில் முதலில் உங்கள் கண் போகும் இடம் இரண்டு: பிறந்த வருடம், போன சீசனில் எடுத்த யார்டு, அதாவது பந்தைப் பிடித்து அணியை முன்னே கொண்டுபோன தூரம். இந்த இரண்டையும் வைத்து விலை போடும்போது, ஆடக்கூடியவரைச் சீக்கிரம் அனுப்பிவிடுகிறீர்கள். ஆடி முடித்தவருக்கோ பழைய கணக்குக்குப் பணம் கொடுக்கிறீர்கள். இரண்டு தவறும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன.

ஃபிட்ஸ்ஜெரால்டையே எடுத்துக்கொள்வோம். 2014 சீசன் முடிந்தபோது அவருக்கு 31 வயது. அந்த வருடம் 63 கேட்ச், 784 யார்டு, பந்தோடு எல்லைக்கோட்டைக் கடந்து புள்ளி எடுக்கும் டச் டவுன் இரண்டே. 2012-இலும் 798 யார்டுதான். 2011-இல் போட்ட எட்டு வருட, 12 கோடி டாலர் ஒப்பந்தம் ஓடிக்கொண்டிருந்தது. அதன்படி 2015-இல் அவர் ஒருவர் மட்டும் உச்சவரம்பில் 2.3 கோடி டாலருக்கும் மேல் தின்றிருப்பார். அந்த ஆண்டு மொத்த உச்சவரம்பே 14.3 கோடி. காகிதத்தை மட்டும் பார்த்தால் முடிவு சுலபம். ஊரிலும் அதைத்தான் பேசினார்கள். அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு மேசையில் பாதிப் பேர் அவரை வழியனுப்பியே விட்டார்கள்.

அந்த 784 யார்டுக்குப் பின்னால் இருந்தது வேறு கதை. 2014 நவம்பரில், பந்தை வீசும் குவார்ட்டர்பேக்கான கார்சன் பாமரின் முழங்கால் தசைநார் கிழிந்தது. அப்புறம் வந்தவர் ட்ரூ ஸ்டாண்டன், அவருக்கும் அடிபட்ட பிறகு ரயன் லிண்ட்லி. 2012-இலோ ஒரே சீசனில் நான்கு குவார்ட்டர்பேக்குகள் மாறி மாறித் தொடக்கம் செய்தார்கள். ரிசீவர் என்பவர் தானாக யார்டு சம்பாதிக்க முடியாது. எவ்வளவு அழகாக எதிராளியை உதறிவிட்டு வெட்டவெளியில் நின்றாலும் பந்து தலைக்கு மேலே பறந்தால் அவர் கணக்கில் பூஜ்யம்தான் ஏறும். அந்த வருடங்களில் எத்தனை ஞாயிற்றுக்கிழமை அவர் கையை விரித்துக்கொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன்! கத்த மாட்டார், குவார்ட்டர்பேக்கை முறைக்க மாட்டார். அடுத்த முயற்சிக்குத் திட்டம் பேச வீரர்கள் கூடும் ஹடிலுக்குத் திரும்பிப் போவார்.

இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. 2013-இல் புரூஸ் அரியன்ஸ் தலைமைப் பயிற்சியாளராக வந்ததும் ஃபிட்ஸ்ஜெரால்டை ஓரத்திலிருந்து உள்ளே, ஸ்லாட் என்று சொல்லும் இடத்துக்கு நகர்த்தினார். இது சாதாரண மாற்றம் இல்லை. ஓரத்தில் நிற்கும் ரிசீவருக்கு எதிரே அவரைத் தடுக்கும் கார்னர்பேக் ஒருவர் இருப்பார், பக்கவாட்டில் கோடு இருக்கும், வேகம் பேசும். உள்ளே நின்றால் நான்கு பக்கமும் ஆள். நடுவில் தடுக்கும் லைன்பேக்கர் எங்கே நகர்கிறார், கடைசி வரிசையில் காக்கும் சேஃப்டி எவ்வளவு ஆழத்தில் நிற்கிறார் என்று ஓடிக்கொண்டே படிக்க வேண்டும். படித்ததைக் குவார்ட்டர்பேக்கும் அதே நொடியில் அதே மாதிரிப் படித்திருக்க வேண்டும். அதோடு பந்தை வீசாமல் கையில் வைத்து ஓடும் ஆட்டம் வந்தால் தன்னைவிடப் பத்துப் பதினைந்து கிலோ கூடுதலான லைன்பேக்கரைத் தோளால் முட்டித் தடுக்க வேண்டும். பத்து வருடம் நட்சத்திரமாக இருந்தவர் அந்த முட்டலை ஏற்றுக்கொண்டார். பந்தோடு ரன்னிங் பேக் ஓடிப்போன பக்கம் கேமரா போய்விடும். மறுஒளிபரப்பில் திரையின் ஓரத்தைப் பார்த்தால்தான் 11-ஆம் எண் ஒருவரை மண்ணில் உட்கார வைத்திருப்பது தெரியும். இந்த வேலைக்கு யார்டு கிடையாது. ஆனால் அணிக்கு அது பணம்.

கார்டினல்ஸ் நிர்வாகம் அன்று சரியாகச் செய்தது. 2015 பிப்ரவரியில் பழைய ஒப்பந்தத்தைத் திருத்தி இரண்டு வருடத்துக்கு 2.2 கோடி டாலர், முழுவதும் கேரண்டி என்று கொடுத்தார்கள். வருடத்துக்கு என்று பார்த்தால் அவருக்குக் குறைவு, ஆனால் உறுதியான பணம். அணிக்கோ மூச்சு விட இடம் கிடைத்தது. 2015-இல் பாமர் திரும்பி வந்தார். ஃபிட்ஸ்ஜெரால்ட் 109 கேட்ச், 1,215 யார்டு, 9 டச் டவுன். 2016-இல் 107 கேட்ச். அந்த வருடம் லீகிலேயே அதிகம் பிடித்தவர் அவர்தான், 33 வயதில். 2017-இல் மறுபடியும் 109 கேட்ச், 1,156 யார்டு.

2016 ஜனவரி 16 இரவை எப்படி மறப்பேன்? கிளென்டேல் மைதானத்தில் கிரீன் பே பேக்கர்ஸுடன் பிளேஆஃப். எங்கள் வீட்டு வரவேற்பறையில் நாலு குடும்பம். கடைசி நொடியில் ஆரன் ராட்ஜர்ஸ் ஆகாயத்தில் வீசிய பந்தை ஜெஃப் ஜேனிஸ் பிடித்து 20-20 என்று சமன் செய்ததும் வீடே அமைதியாகிவிட்டது. என் பையன் சோபா மெத்தையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். கூடுதல் நேரத்துக்கு நடுவர் சுண்டிய நாணயம் காற்றில் சுழலவே இல்லை, மறுபடி சுண்டினார். கூடுதல் நேரத்தின் முதல் முயற்சியிலேயே பாமரைச் சுற்றி வளைத்துவிட்டார்கள். அவர் எப்படியோ நழுவி வலப்பக்கம் ஓடி, உடம்பைத் திருப்பி, மைதானத்தின் குறுக்கே இடப்பக்கம் வீசினார். அங்கே ஃபிட்ஸ்ஜெரால்ட் தன்னந்தனியாக நின்றார். பந்தைப் பிடித்தார், திரும்பினார், ஓடினார். 32 வயது. வேகமான ஓட்டம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஒருவரைக் கையால் தள்ளி, இன்னொருவர் வரும் கோணத்தைப் பார்த்து உள்ளே வெட்டி, 75 யார்டு போய் ஐந்தாவது யார்டு கோட்டில்தான் விழுந்தார். இரண்டு முயற்சி கழித்து, பாமர் கையடியில் தள்ளிவிட்ட பந்தை வாங்கி, அந்த ஐந்து யார்டையும் அவரே கடந்தார். 26-20. அன்று அவர் கணக்கு 8 கேட்ச், 176 யார்டு. பதினொரு மாதத்துக்கு முன்னால் அந்தத் திருத்தம் நடக்காமல் போயிருந்தால் அந்த இரவு எங்களுக்கு இல்லை.

அந்த 75 யார்டு முயற்சியில் கவனிக்க வேண்டியது அவர் ஓடிய தூரத்தைவிட, ஏன் தனியாக நின்றார் என்பது. போட்ட திட்டம் குலைந்துபோனதும் குவார்ட்டர்பேக்கின் கண் எங்கே வரும் என்று கணித்து, எதிரணி விட்ட இடைவெளிக்குள் போய் நின்றிருக்கிறார். இந்த அறிவு முப்பதுக்குப் பிறகும் தேயாது, கூடவே செய்யும். தேய்வது வேகம், கடைசிப் பத்து யார்டில் ஆளை விட்டு விலகும் அந்த வெடிப்பு. அதனால் வேகத்தை மட்டுமே நம்பி இருபத்தைந்து வயதில் சம்பாதித்த ரிசீவரும், காலடி வேலையாலும் கையாலும் சம்பாதித்த ரிசீவரும் ஒரே மாதிரி வயதாக மாட்டார்கள். இருவரையும் ஒரே வயதுக் கோட்டில் வைத்து எடை போடுவதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

சான் பிரான்சிஸ்கோ அணியின் ரிசீவர் ஜெர்ரி ரைஸை நினைத்துப் பாருங்கள். கல்லூரியிலிருந்து வரும்போதே வேகம் போதாது என்று சொல்லப்பட்டவர். சான் கார்லோஸ் பக்கத்து மலைப்பாதையில் ஏறி ஓடி ஓடித் தன் உடம்பை உருவாக்கிக்கொண்டார். 1999-இல் 830, 2000-இல் 805 யார்டு என்று இறங்கியதும் சான் பிரான்சிஸ்கோ அவரை விட்டுவிட்டது. இளைய ரிசீவர் டெரல் ஓவன்ஸ் அங்கே எழுந்துவிட்டார். சொந்த மைதானத்தில் ரைஸின் வழியனுப்பு ஆட்டம் என்று கூடிய அன்று, ஓவன்ஸ் 20 கேட்ச் பிடித்தார். அணிக்கும் சம்பளக் கணக்கில் கழுத்து வரை நெருக்கடி. விட்டதில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ரைஸின் ஆட்டம் முடியவில்லை. விரிகுடாவின் எதிர்க்கரையில் ஓக்லண்ட் ரெய்டர்ஸுக்குப் போய், ரிச் கேனன் வீச, 2001-இல் 1,139 யார்டு, 2002-இல் 92 கேட்ச், 1,211 யார்டு எடுத்தார். அந்த இரண்டாவது சீசனில் அவருக்கு நாற்பது வயது நிறைந்தது; அணி இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் வரை போனது.

ஸ்டீவ் ஸ்மித் கதையில் வலி இன்னும் கூடுதல். கரோலைனா பாந்தர்ஸ் அணியின் முகமாக 13 சீசன் இருந்தவரை 2014 மார்ச்சில் விடுவித்தார்கள். வயது 34, அதற்கு முந்தைய சீசனில் 745 யார்டு. பால்டிமோர் ரேவன்ஸ் மூன்று வருடத்துக்கு 1.05 கோடி டாலர் கொடுத்துக் கூட்டிப்போனது. அந்த செப்டம்பர் 28-ஆம் தேதி பாந்தர்ஸே பால்டிமோருக்கு ஆட வந்தார்கள். சக வீரர் ஓவன் டேனியல்ஸின் கையில் பட்டுத் தெறித்த பந்தைப் பிடித்து ஸ்மித் 61 யார்டு ஓடினார். மொத்தம் 7 கேட்ச், 139 யார்டு, 2 டச் டவுன், 38-10. அந்த சீசனை 1,065 யார்டில் முடித்தார். வருடத்துக்கு 35 லட்சம் டாலருக்கு அப்படி ஒரு ரிசீவர்! பழைய அணியைக் குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை. அந்த ஒப்பந்த விலையை நிர்ணயித்தது அவருடைய ஆட்டமா, பிறந்த வருடமா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

மறுபக்கத்தை மறைத்துவிட்டால் இந்த மடல் நேர்மையானதாக இருக்காது. ஜூலியோ ஜோன்ஸை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 2018-இல் லீகிலேயே அதிகமாக 1,677 யார்டு எடுத்தார். 2019 செப்டம்பரில், முப்பது வயதில், அட்லாண்டா அவருக்கு மூன்று வருட நீட்டிப்பாக 6.6 கோடி டாலர் கொடுத்தது, அதில் 6.4 கோடி கேரண்டி. 2020-இல் தொடைத் தசை படுத்தியது, ஒன்பது ஆட்டம்தான். ஆனால் அந்த ஒன்பதில் 771 யார்டு. இறங்கிய நாளில் பழைய ஜூலியோவேதான். 2021 ஜூனில் டென்னசிக்கு மாற்றினார்கள். அங்கே பத்து ஆட்டத்தில் 434 யார்டு, ஒரு டச் டவுன். அவர் வேறு ஊரில் ஆடிக்கொண்டிருக்க, அட்லாண்டாவின் 2022 கணக்கில் அவர் பெயரில் 1.5 கோடி டாலருக்கும் மேல் டெட் மணி, அதாவது அணியில் இல்லாத ஆளுக்காக உச்சவரம்பில் ஏறும் தொகை, உட்கார்ந்திருந்தது. ஒப்பந்தத்தின்போது தரும் போனஸை ஐந்து வருடம் வரை பிரித்து எழுதலாம் என்ற விதி இருக்கிறதே, அதன் விளைவு இது. இன்றைய கணக்கு லேசாகத் தெரியும். ஆள் போன பிறகு மொத்தமாக வந்து நிற்கும்.

ராம்ஸ் அணியின் கூப்பர் கப்பும் அப்படித்தான். 2021-இல் 145 கேட்ச், 1,947 யார்டு, 16 டச் டவுன். மூன்றிலும் லீகில் முதலிடம், அதோடு சூப்பர் பவுல் வெற்றியும். யார்தான் பணம் கொடுக்காமல் இருப்பார்கள்? கொடுத்தார்கள். அப்புறம் கணுக்கால், தொடை என்று அடுத்தடுத்து அடி. 2023-இல் 737, 2024-இல் 710 யார்டு. 2025 மார்ச்சில் ராம்ஸ் விடுவித்தது. ஜூலியோ, கப் இருவர் விஷயத்திலும் கொடுத்தது தவறில்லை. போனதற்கான நன்றியையும் வரப்போவதற்கான விலையையும் ஒரே தொகையில் கலந்து, அதை நீண்ட வருடங்களுக்குப் பரப்பியதுதான் தவறு.

அப்படியானால் எப்படிக் கொடுப்பது? எனக்குப் பிடித்த உதாரணம் மைக் எவன்ஸ். 2024 மார்ச்சில், முப்பது வயதில், டாம்பா பே அவருக்கு இரண்டு வருடத்துக்கு 4.1 கோடி டாலர் கொடுத்தது. ஆடிச் சம்பாதித்தால் 5.2 கோடி வரை போகலாம். குறுகிய காலம், நல்ல கேரண்டி, மேலே ஊக்கத்தொகை. 2024-இல் தொடைத் தசையால் மூன்று ஆட்டம் போனது. 2025 ஜனவரி 5, நியூ ஆர்லியன்ஸுடன் கடைசி ஆட்டம். வெற்றி கையில் இருந்தது. முழங்காலிட்டு நேரத்தைக் கடத்தியிருக்கலாம். ஆனால் எவன்ஸுக்கு ஆயிரம் யார்டுக்கு இன்னும் ஐந்து வேண்டும். அது வந்தால் ஜெர்ரி ரைஸின் பதினொரு தொடர் ஆயிரம் யார்டு சீசன் என்ற சாதனையைத் தொடுவார், 30 லட்சம் டாலர் ஊக்கத்தொகையும் சேரும். பேக்கர் மேஃபீல்ட் சட்டென்று வீசினார், ஒன்பது யார்டு, மொத்தம் 1,004. பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் பாய்ந்து வந்து அவர் மேல் விழுந்தார்கள். அந்த 30 லட்சம் அணியின் பணம்தானே? அதை அவருக்குக் கொடுக்க அணியே முண்டியடித்த காட்சி அது. மறுவருடம் தொடை, காரை எலும்பு என்று அடிபட்டு எட்டு ஆட்டத்தோடு அந்தத் தொடர் நின்றுபோனது. அது எங்களுக்கெல்லாம் வருத்தம்தான். ஆனால் ஒப்பந்தம் இரண்டே வருடம் என்பதால் இருவருக்குமே அடுத்த பேச்சுக்கு வழி திறந்திருந்தது.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. முப்பது தாண்டிய ரிசீவருக்கு விலை போடும் முன் யார்டுப் பட்டியலை மூடி வையுங்கள். அவர் ஓடிய ஒவ்வொரு ரூட்டையும், அதாவது பந்துக்காக ஓடிய பாதையையும், எடுத்து, எத்தனையில் ஆளை விட்டு விலகினார் என்று எண்ணுங்கள். பந்து வந்ததா இல்லையா என்பது அப்புறம். பத்து யார்டு எடுக்கத் தரும் நான்கு முயற்சிகளில் மூன்றாவதான மூன்றாவது டவுனில், எல்லோருக்கும் அவரிடம்தான் வரப்போகிறது என்று தெரிந்த நேரத்தில், என்ன செய்தார் என்று தனியாகப் பாருங்கள். அவருக்கு வீசியவர் யார், எத்தனை பேர் மாறினார்கள் என்று பாருங்கள். ரிசீவர் ரெஜி வெய்ன் 2011-இல் குவார்ட்டர்பேக் பெய்டன் மேனிங் இல்லாமல் 960 யார்டு. அடுத்த வருடம் ஆண்ட்ரூ லக் வந்ததும் 1,355. ஆள் அதே ஆள்தான், ஒரு வயது கூடியிருந்தது, அவ்வளவே.

கொடுக்கும்போது இரண்டு வருடத்துக்கு மேல் போகாதீர்கள். ஆனால் அந்த இரண்டு வருடத்தை முழு கேரண்டியாகக் கொடுங்கள். உடம்பைப் பற்றிப் பயம் இருந்தால், களத்தில் இறங்கும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு தொகை என்று வையுங்கள். ஊக்கத்தொகையை யார்டில் மட்டும் கட்டாதீர்கள். அப்படிக் கட்டினால் நல்ல தடுப்பு போடும் ரிசீவர் தன் பையிலிருந்து பணம் எடுத்து அணிக்குக் கொடுக்கிற மாதிரி ஆகிவிடும். ஆடிய ஸ்னாப்புகளின், அதாவது அவர் களத்தில் நின்ற தனித்தனி முயற்சிகளின், பங்கில் கட்டுங்கள். அவர் களத்தில் இருந்தால் பயன் இருக்கிறது என்று உங்கள் பயிற்சியாளரே சொல்லும் சாட்சி அது.

கடைசியாக ஒன்று. ஸ்லாட்டுக்கு நகர்த்தப் போகிறீர்களா, ஆட்டங்களைக் குறைக்கப் போகிறீர்களா, கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் இளையவர் ஒருவரை எடுக்கப் போகிறீர்களா, அவரிடமே சொல்லுங்கள். ஏஜென்ட் வழியாகக் கசியவிட வேண்டாம். கறிவேப்பிலை மாதிரி எடுத்துப் போட்டுவிட்டார்கள் என்று ஒரு ஊரே வருத்தப்படும்படி செய்ய வேண்டாம். இந்த வருடம் சந்தை திறப்பதற்கு முன்னால், உங்கள் அணியின் மூத்த ரிசீவரை ஒரு நாள் காலையில் வீடியோ அறைக்குக் கூப்பிடுங்கள். போன சீசனின் மூன்றாவது டவுன் முயற்சிகளை அவரோடு உட்கார்ந்து முதலிலிருந்து கடைசி வரை பாருங்கள். ஏன் அங்கே திரும்பினாய், ஏன் இங்கே நின்றாய் என்று அவரைக் கேளுங்கள். தொகையை அதற்கு அப்புறம் எழுதுங்கள்.

இப்படிக்கு,
சாண்ட்லரிலிருந்து,
11-ஆம் எண் சட்டையை இன்னும் பத்திரமாக வைத்திருக்கும் ஒரு ரசிகன்